ஊட்டி கேட்கும் மகனும் ஒன்பதாயிரம் ரூபாயும்

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். கணவர் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். மகன் எட்டாவது முடித்திருக்கிறான், மகள் நான்காவது. போன வருடம் என் நாத்தனார் குடும்பம் ஊட்டிக்குப் போய்வந்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாகப் போட்டார்கள். அன்றிலிருந்து மகன், "நாம மட்டும் ஏன் எங்கேயும் போறதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்னிடம் சேர்ந்திருப்பது 9,000 ரூபாய். குழுவில் 25,000 கடன் தருகிறார்கள். வாரம் 600 வீதம் 50 வாரம் கட்ட வேண்டும். வாங்கி ஊட்டி போய்வந்துவிடலாமா? மாமியாருக்கு முட்டிவலி. அவரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் தப்பா?
— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடன் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதத்தின் கடைசி வரை நீங்கள் பதற்றத்தோடு படிக்க வேண்டியதில்லை. வாரம் 600, 50 வாரம் என்றால் 30,000. ஐந்தாயிரம் வட்டி என்பதைக்கூட விடுங்கள். இந்த மே மாதம் வாங்கினால் அடுத்த ஏப்ரல் வரை ஒவ்வொரு வாரமும் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து ஊட்டிக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆயுத பூஜைக்கும் ஊட்டி, தீபாவளிக்கும் ஊட்டி, பொங்கலுக்கும் ஊட்டி. கடைசித் தவணை முடிகிற வாரம் மகன் அடுத்த லீவுக்கு எங்கே என்று கேட்பான். ஓவர்லாக் மிஷின் வாங்கக் குழுக் கடன் எடுக்கிறீர்கள் என்றால் நானே எடுங்கள் என்பேன். அது தவணையைத் தானே கட்டிவிடும்.

ஊட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதத்தில் ஊட்டிக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு. வேன் பிடித்து, பதினோரு பேர். மலைப்பாதையில் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. பெரிய பையன் இரண்டு முறை வாந்தி. போனில் பேசிய வாடகை ஒன்று, நேரில் கேட்ட வாடகை வேறு. அந்த லாட்ஜ்காரரோடு நான் போட்ட சண்டைதான் எங்கள் குடும்பத்தில் இன்றும் ஊட்டி என்றால் ஞாபகம் வருவது. ஏரியைப் பார்த்தோமா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்! இப்போது கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் 2025 சீசனில் நீலகிரிக்கு விதித்த கட்டுப்பாடே வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்றால், கட்டுப்படுத்திய பிறகும் எவ்வளவு கூட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து போக ஒரு நாள், வர ஒரு நாள். நடுவில் கிடைக்கிற நாளில் வரிசையில் நிற்க வேண்டும்.

உங்கள் மகன் கேட்பது ஊட்டிதானா என்று எனக்குத் தோன்றுகிறது. "ஏன் எங்கேயும் போறதில்ல" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு வேண்டியது லாட்ஜில் ஒரு ராத்திரி, குளிரில் ஒரு காலை, பள்ளிக்கூடத்தில் சொல்ல ஒரு ஊர்ப் பெயர். இதற்கு ஏற்காடு போதும். 9,000 ரூபாயில் முடியும்.

கணக்கை உடைத்துச் சொல்கிறேன். உயரம் ஆயிரம் அடி ஏறினால் வெயில் சுமாராக இரண்டு டிகிரி குறையும். உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 அடி, ஏற்காடு 5,000 அடிக்குப் பக்கம். காவேரிப்பட்டணத்தில் 38 டிகிரி அடிக்கிற நாளில் ஏற்காட்டில் 31 இருக்கலாம். மத்தியானம் ஸ்வெட்டர் போட முடியாது. ஆனால் விடியற்காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வீர்கள். மே மாதத்தில் நம் ஊரில் அது நடக்காத காரியம். பக்கத்திலேயே ஏலகிரி இருக்கிறதே என்பார்கள். திருப்பத்தூர் போய் ஏறிவிடலாம், பஸ் செலவும் குறைவு. ஆனால் உயரம் 3,600 அடி சுமார்தான். வெயிலுக்குத் தப்பப் போகிறவர்களுக்கு மே மாத ஏலகிரி கொஞ்சம் ஏமாற்றம். அதை டிசம்பரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் பிள்ளைகள் ரயிலில் போயிருக்கிறார்களா? கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். மாவட்டத் தலைநகராகி இத்தனை வருடம் ஆகியும் கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்னத் தண்டவாளத்தில் ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து நாம் பஸ் ஜனங்கள். அதனால் சேலத்துக்கு நேரே பஸ் ஏறாதீர்கள். தர்மபுரி வரை பஸ், அங்கிருந்து ஓமலூர் வழியாகச் சேலத்துக்கு ரயில். சிவாடி, முத்தம்பட்டி தாண்டித் தொப்பூர் மலைக்குள் வளைந்து வளைந்து போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு எஞ்சினே கண்ணுக்குத் தெரியும். பாசஞ்சர் ரயிலில் முன்பதிவு வேண்டியதில்லை, ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி ஏறலாம். நேரத்தை மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு அரை டிக்கெட், பன்னிரண்டு தாண்டியிருந்தால் மகனுக்கு முழு டிக்கெட். அவன் இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வான், பாருங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அரசு பஸ் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதீர்கள், கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள், போனைப் பார்த்துக்கொண்டு வரவிடாதீர்கள். வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருப்பார்கள்.

மேலே போய் எதைப் பார்ப்பது? ஏரியில் படகு, பக்கத்தில் அண்ணா பூங்கா. சாயங்காலம் லேடீஸ் சீட். இருட்டிய பிறகு அங்கிருந்து கீழே சேலம் நகரத்து விளக்கெல்லாம் தெரியும், அதை விட்டுவிடாதீர்கள். மறுநாள் காலையில் சேர்வராயன் கோயில், குகைக்குள் இருக்கிற சாமி. கிள்ளியூர் அருவிக்கு அழைத்துப் போகிறேன் என்று ஆட்டோக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோடையில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது, இறங்கி ஏறுகிற படிகள் மட்டும் இருக்கும்.

போகிற நாளை நீங்கள்தான் சரியாகப் பிடிக்க வேண்டும். உங்கள் கணவர் வேலையைப் பற்றி எனக்குத் தெரியும். கூழுக்கான பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வர ஆரம்பித்துவிட்டால் ஜூலை வரைக்கும் அவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். ஃபேக்டரி முழு வேகத்தில் ஓடுவதற்கு முன்னால், மே முதல் பாதியில், செவ்வாய் புதன் அல்லது புதன் வியாழன் என்று இரண்டு நாள் லீவு சொல்லச் சொல்லுங்கள். ஏற்காட்டில் மே மாதத்தில்தான் கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் நடத்துவார்கள். தேதி பேப்பரில் வரும். அந்த நாட்களில் போகாதீர்கள். பூ அழகாகத்தான் இருக்கும், ரூம் வாடகை இருக்காது. வார நாளில் போனில் நாலைந்து இடத்தில் விசாரித்து, கூடுதல் மெத்தையோடு ஒரே ரூமாக 2,000 ரூபாய்க்குள் பேசுங்கள். பேசிய வாடகையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். (என் ஊட்டிச் சண்டை கற்றுக்கொடுத்தது.)

ரூம் 2,000, ரயில் பஸ் எல்லாம் சேர்த்து 1,500, மலையில் ஆட்டோவும் படகும் 1,200, சாப்பாடு 1,800. மொத்தம் 6,500. முதல் நாள் மத்தியானத்துக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால்தான் இந்தச் சாப்பாட்டுக் கணக்கு நிற்கும். ராத்திரி மட்டும் ஹோட்டலில், அவரவருக்குப் பிடித்ததை வாங்கிக்கொடுங்கள். அங்கே போய்க் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

மீதி 2,500 ரூபாய் ஒகேனக்கலுக்கு. போய்வந்து ஒரு வாரம் கழித்து, ஒரு நாள். தர்மபுரி, பென்னாகரம் வழியாகப் பஸ். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒகேனக்கல் என்றால் "அதானே" என்று ஓர் அலட்சியம் உண்டு. பெங்களூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், நாம் காரியத்துக்கும் ஆடிப்பெருக்குக்கும் மட்டும் போகிறோம். சந்தோஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

ஒகேனக்கலுக்கு மே மாதம் நல்ல மாதம். தண்ணீர் குறைவாகத்தான் வரும், அருவி போஸ்டரில் இருக்கிற மாதிரி இருக்காது. ஆனால் பரிசல் ஓடும். ஜூன், ஜூலையில் கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்று தினமும் பேப்பரில் போடுகிறார்களே, அது விவசாயிகளுக்கு மட்டுமில்லை, பரிசல் ஏறப் போகிற உங்களுக்கும்தான். கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்துவிடுங்கள். கவுன்டரில் டிக்கெட் போட்டு, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிய பிறகு ஏறுங்கள். நீச்சல் தெரிந்தவர்களும்தான். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் ஆபத்து குறையாது. பாறைக்கு நடுவே திடீர்ப் பள்ளங்கள் உண்டு. குளிக்க ஒதுக்கிய இடத்தைத் தாண்டி மகனை விடாதீர்கள்.

மீன் கடையில் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தருகிற பெண்கள் இருக்கிறார்கள். நீங்கள் எவ்வளவு வாங்கிக் கொடுத்தீர்கள், சமையல் கூலி எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். சோறும் குழம்பும் வறுவலுமாக அந்தக் கற்பாறையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ருசிக்குப் பெரிய ஹோட்டல் ஈடாகாது. பையைக் குரங்கிடம் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணவருக்கு ஓர் எண்ணெய் மசாஜ். சீசன் முழுக்க மூட்டை நகர்த்தப் போகிற தோள், கொஞ்சம் முன்பணமாகக் கவனிக்கட்டும்.

வெயில் தாங்காமல் வீட்டில் அடைந்து கிடக்கிற ஏதாவது ஒரு நாளில் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் மகனைக் கூட்டிப்போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-ல் அறிவித்தார்கள். நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் நம் மண்ணில் இரும்பு அடித்திருக்கிறார்கள் என்பது ஊட்டி ஸ்டேட்டஸுக்கு நல்ல போட்டி. மகளுக்குப் போரடிக்கும், அவளை வற்புறுத்த வேண்டாம்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். தப்பா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அவரைக் கேட்டீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, பேரன் பேத்தி எல்லோரும் ஊருக்குப் போன இரண்டு நாளும் ரேடியோவைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியதைத்தான் தன் வாழ்நாளின் சிறந்த விடுமுறை என்றார். உங்கள் மாமியாருக்கும் மகள் வீட்டில் இரண்டு நாள் இருப்பது ஆசையாக இருக்கலாம். "உங்களை விட்டுட்டுப் போறோம்" என்று சொல்லாமல், "அத்தை, ஏற்காட்டுக்கு வர்றீங்களா, இல்ல அண்ணி வீட்டுக்குப் போறீங்களா?" என்று கேளுங்கள். வருகிறேன் என்றால் சந்தோஷமாகக் கூட்டிப்போங்கள். நான் போட்ட கணக்கு ஐந்து பேருக்குத்தான். தரைத்தள ரூம், வெஸ்டர்ன் டாய்லெட், இரண்டும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஏரிக்கரையில் அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம். ஒகேனக்கல் பாறைகளுக்கு மட்டும் முட்டிவலியோடு வேண்டாம்.

கடைசியாக மகன். 9,000 என்ற தொகையை அவனிடம் மறைக்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கணக்கு புரியும். ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, "இவ்வளவுதான் இருக்கு, பிளான் உன்னோடது" என்று சொல்லுங்கள். ரயில் நேரம் பார்ப்பது, ரூமுக்குப் போன் போடுவது, செலவு எழுதுவது எல்லாம் அவன் பொறுப்பு. மிச்சம் பிடித்தால் அது அவனுக்கும் தங்கைக்கும். படகு ஒன்றா இரண்டா என்று அவனே ஏரிக்கரையில் நின்று யோசிப்பான். நாத்தனாருக்கு ஸ்டேட்டஸ் போடுவதா வேண்டாமா என்பதையும் அவனிடமே விட்டுவிடுங்கள்.

ரயிலில் ஜன்னல் சீட்டுக்கு இருவரும் அடித்துக்கொள்வார்கள். போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.