கம்பி இறக்குமதிக்கு எந்த எண்? ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி பதில்

வெளியே வேலூர் வெயில். சரி, வீட்டுக்குள் உட்கார்ந்து உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று, இரும்பு, உருக்குக் கம்பி இறக்குமதிக்குச் சுங்க வரிப் பட்டியலில் எந்த எண் போடுவது (வரியும் விதியும் அந்த எண்ணைப் பொறுத்துத்தான்) என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வந்து குவிந்துவிட்டது. நான் கஸ்டம்ஸ் புரோக்கர், சிப்காட் கம்பெனிகளுக்காகச் சென்னைத் துறைமுகத்தில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் அறிவிக்கும் படிவம்) போடுகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சிப்காட், ராணிப்பேட்டை): சார், மிக் வெல்டிங் வயர், 1.2 மி.மீ., செம்பு நிறம், 15 கிலோ ஸ்பூல். சப்ளையர் 8311 என்று போட்டிருக்கிறார். எங்கள் ஆள் 7217 30 என்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். முதலில் கட்டிங் பிளேயரில் ஒரு துண்டு நறுக்கி வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் பொடி இருந்து, தட்டினால் கொட்டினால் அது ஃப்ளக்ஸ் (வெல்டிங்கில் உருகும் இரும்பைக் காக்கும் பொருள்) அடைத்த வயர், 8311க்குப் போகும். முழுக்க இரும்பாக இருந்தால் 8311க்கு வேலையே இல்லை, ஏனென்றால் வெல்டிங் வயரில் அந்தத் தலைப்பு ஃப்ளக்ஸ் பூசியதற்கும் அடைத்ததற்கும் மட்டும்தான், வெல்டிங்குக்குப் பயன்படுகிற எல்லாவற்றுக்கும் இல்லை.

அடுத்து உங்கள் ஆள் விழுந்த குழி. செம்புப் பூச்சைப் பார்த்ததும் 7217 30 என்று எழுதிவிட்டார். 7217 கலப்பில்லாத உருக்குக்கு. பூச்சைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கிற உருக்கு என்ன என்று பார்க்க வேண்டும், அது மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் (உருக்கில் என்னென்ன எவ்வளவு என்று ஆலை தரும் சான்று) இருக்கிறது. சாதாரண இ.ஆர். 70 எஸ்-6 ரக மிக் வயரில் சிலிக்கன் 0.80லிருந்து 1.15 சதவீதம் வரை வரும். வரிப் பட்டியலில் இரும்பு, உருக்குக்கான 72ஆம் அத்தியாயக் குறிப்பின்படி சிலிக்கன் 0.6 சதவீதத்தைத் தொட்டாலே அது கலப்பு உருக்கு. கார்பன் 0.7க்கு மேல் போகாமல், மாங்கனீசு 0.5க்கும் 1.9க்கும் நடுவில், சிலிக்கன் 0.6க்கும் 2.3க்கும் நடுவில் இருந்து, வேறு எந்தத் தனிமமும் தன் வரம்பைத் தாண்டவில்லை என்றால் அதற்கு சிலிகோ-மாங்கனீஸ் உருக்கு என்று பெயர். எண் 7229 20. சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரியை ஒருமுறை படித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி (ஆம்பூர்): ஷூ பெட்டிகளை அடுக்கும் அட்டைப் பெட்டிக்கு ஸ்டிச்சிங் வயர் வரவழைக்கிறோம். தட்டையாக இருக்கும், ஜிங்க் பூச்சு. கம்பியா, தகடா?

பதில்: நல்ல கேள்வி, இதில் பெரிய ஆட்களே தடுமாறுவார்கள். அகலம் தடிமனைப் போலப் பத்து மடங்கு இருந்தால்தான் தகடு என்று ஒரு விதியைச் சொல்லி, கேலிப்பரை வைத்து அளந்து, 2.3க்கு 0.6, பத்து மடங்கு வரவில்லை, அதனால் கம்பி என்று முடித்துவிடுவார்கள். முடிவு சரியாகக்கூட இருக்கலாம், வழி தப்பு. குறிப்பை நிதானமாகப் படித்தால், அந்தப் பத்து மடங்குக் கணக்கு நீட்டுத் துண்டாக வருகிற சரக்குக்கு. காயிலாக வந்தால் எப்படிச் சுற்றியிருக்கிறது என்பதுதான் கேள்வி. எலக்ட்ரிக் டேப் மாதிரி ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று நேராக ஏறி உட்கார்ந்திருந்தால் தட்டை உருட்டுப் பொருள், ஜிங்க் பூச்சுள்ள குறுகிய அகலம் என்பதால் 7212. தையல் மெஷின் பாபினில் நூல் ஓடுவது மாதிரி பக்கம் பக்கமாகச் சுற்றியிருந்தால் கம்பி, 7217 20. உங்கள் ஸ்பூலை ஒரு போட்டோ எடுத்து பைலில் வையுங்கள். நாளைக்கு அதிகாரி கேட்டால் அதுதான் பேசும்.

கேள்வி (காட்பாடி): 6 மி.மீ. பிரைட் கம்பி, 3 மீட்டர் நீளமாக வெட்டி, கட்டாக வருகிறது. இன்வாய்ஸில் 'வயர்' என்றுதான் இருக்கிறது.

பதில்: இன்வாய்ஸில் என்ன இருந்தாலும் அது கம்பி இல்லை. 72ஆம் அத்தியாயத்தில் கம்பி என்றால் குளிர்முறையில் இழுத்தது, காயிலாக வருவது. நேராக்கி வெட்டிவிட்டால் பார் அண்ட் ராட், கலப்பில்லாததாக இருந்தால் 7215. 16 மி.மீ. வரைக்கும் எல்லாமே வயர் என்று யாரோ சொன்னார்கள் என்பீர்கள், அந்த 16 மி.மீ. 73ஆம் அத்தியாயத்தின் குறிப்பு, வலை, ஆணி மாதிரி பொருட்களுக்காக எழுதியது, இங்கே தூக்கிக்கொண்டு வரக் கூடாது. இன்னொன்று, சூடாக உருட்டி ஒழுங்கில்லாத காயிலாக வரும் 5.5 மி.மீ. வயர் ராடும் கம்பி கணக்கில் வராது, அது 7213.

கேள்வி (வாணியம்பாடி): பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் செய்கிறோம். எவர்சில்வர் கம்பி என்று வாங்கினால் காந்தம் ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: காந்தத்தைத் தூக்கிப் போடுங்கள். 410, 430 கிரேடுகளில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். சட்டம் கேட்பது குரோமியம் 10.5 சதவீதமாவது இருக்கிறதா, கார்பன் 1.2க்குள் இருக்கிறதா என்பது மட்டும். இருந்தால் 7223. செய்து முடித்த ஸ்க்ரப்பராகவே இறக்கினால் 7323.

கேள்வி (குடியாத்தம்): அண்ணா, தோப்புக்கு வேலி. முள்கம்பி, ஜல்லடை மாதிரி செயின் லிங்க், ரெண்டுக்கும் ஒரே எண்ணா?

பதில்: இல்லை தம்பி. முள்கம்பி 7313, செயின் லிங்க் 7314. கட்டுக்கம்பி வாங்கினால் மறுபடி 7217.

கேள்வி (வாலாஜா): சீனாவிலிருந்து வந்த சாதா கம்பி சர்டிபிகேட்டில் போரான் 0.0010 என்று இருக்கிறது. இத்துனூண்டு போரானால் என்ன ஆகிவிடும்?

பதில்: இத்துனூண்டுதான், ஆனால் வரம்பும் இத்துனூண்டுதான்: 0.0008 சதவீதம். அதைத் தொட்டாலே கலப்பு உருக்கு, 7229 90. அங்கே கலப்பு உருக்கு என்று காட்டினால் ஏற்றுமதி செய்யும்போது கட்டிய வரி திரும்பக் கிடைக்கும் என்பதற்காகவே ஒரு காலத்தில் போரானைத் தூவிக்கொண்டிருந்தார்கள். 2015 ஜனவரியில் அதை நிறுத்தினார்கள். நம் பக்கம் நோக்கம் என்ன என்பது கேள்வி இல்லை, சர்டிபிகேட்டில் எண் என்ன என்பதுதான்.

கேள்வி (சத்துவாச்சாரி): எந்த எண் போட்டாலும் கட்டுவது கிட்டத்தட்ட ஒரே வரிதானே, எதற்கு இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டும்?

பதில்: கணக்கே போட்டுவிடலாம். சரக்கு மதிப்பு 100 ரூபாய், அடிப்படை வரி 7.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி 0.75, ஆக 8.25. 108.25க்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. அதே சரக்கு 10 சதவீத எண்ணுக்குப் போனால் 8.25க்குப் பதில் 11. ஐ.ஜி.எஸ்.டி.யை கிரெடிட்டில் எடுத்துக்கொள்ளலாம் (பிறகு கட்டும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வது), அதனால் கையை விட்டுப் போவது நூற்றுக்கு 2.75. ஆனால் வரி மட்டும் பிரச்சினை இல்லை. பி.ஐ.எஸ். தரச் சான்று கட்டாயமா, ஸ்டீல் இறக்குமதிப் பதிவு வேண்டுமா, வர்த்தக ஒப்பந்த நாட்டுச் சலுகை கிடைக்குமா, எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. தப்பான எண்ணுக்குச் சாதாரணமாக 2 வருடத்துக்குள் நோட்டீஸ் வரும், மறைத்தீர்கள் என்றால் 5 வருடம்.

நானே பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இன்வாய்ஸில் 'ஹை டென்சைல் வயர்' என்று இருந்ததை நம்பி 7217 போட்டேன். கண்டெய்னரைத் திறந்தால் ஏழு இழை முறுக்கிய ஸ்ட்ராண்ட், கான்கிரீட்டுக்குப் போடுகிறது. அது 7312. ஒன்பது நாள் டெமரேஜ் (சரக்கு துறைமுகத்தில் தேங்கியதற்கான கட்டணம்), பார்ட்டி என்னை வைத வசவை இங்கே எழுத முடியாது. தப்பு என்னுடையதுதான், ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டிருந்தால் போதும்.

கேள்வி (அரக்கோணம்): எத்தனை பேரைக் கேட்டாலும் அத்தனை பதில். முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு, அட்வான்ஸ் ரூலிங், அதாவது எந்த எண் என்று முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் தீர்ப்பு. டெல்லியிலும் மும்பையிலும் அதற்கான ஆணையம் இருக்கிறது. ஒரே சரக்கு மாதாமாதம் வருகிறது என்றால் கட்டாயம் போடுங்கள், சட்டமோ விவரமோ மாறாதவரை தீர்ப்பு சில வருடங்களுக்கு நிற்கும். ஒரே ஒரு கண்டெய்னர்தான் என்றால் அந்தச் செலவுக்கு வேண்டாம், சர்டிபிகேட்டும் சரக்குப் போட்டோவும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.