எல்லாச் சபையாருக்கும் சொந்தமான போதகர்: கேள்வி பதில்

வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் மெதடிஸ்த போதகராக இருந்துவிட்டு இப்போது கொழும்பில் ஓய்வாக இருக்கிறேன். அம்மாவின் பக்கம் கத்தோலிக்கர், அப்பாவின் பக்கம் மெதடிஸ்தர், பெரியப்பா வீட்டில் இன்றைக்கும் சைவம். திருச்சபை ஐக்கியம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை: எங்கள் சபைக்குப் புதிய போதகர் வரப்போகிறார். "எல்லாரையும் அரவணைக்கிறவர் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒருவர் அப்படிப்பட்டவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரசங்கத்தைக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது தங்கச்சி. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் வரும்போது எல்லாரும் ஒரே மேடையில் நின்று படம் எடுப்போம். அது வேண்டியதுதான், நானும் நின்றிருக்கிறேன். ஆனால் பெப்ரவரியில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பக்கத்துக் கோயில் பாதருக்குச் சுகமில்லை என்றால் போய்ப் பார்க்கிறாரா, மற்றச் சபைக்காரர் யாரும் இல்லாத இடத்தில் அவர்களைப் பற்றி எப்படிக் கதைக்கிறார், அங்கி போடாமல் இன்னொரு சபையின் கடைசி வாங்கில் உட்கார்ந்து ஆராதனை முடியும்வரை கடைசியாக எப்போது இருந்தார்? இதை நேரடியாகவே கேளுங்கள், தப்பில்லை.

மொழியையும் கவனியுங்கள். நமக்குப் பேதுரு, கத்தோலிக்கருக்கு இராயப்பர். நமக்குப் பவுல், அவர்களுக்குச் சின்னப்பர். இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்த பிறகும் வயதானவர்களின் வாயில் பழைய பெயர்தான். ஒருமுறை எங்கள் சபை ஐயா ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த கத்தோலிக்க ஆச்சி, "எனக்கும் செபிச்சுவிடுங்கோ" என்று கையை நீட்டினார். பரமண்டல செபத்தைத் தொடங்கினேன். "உம்முடைய நாமம்" வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம். அடுத்த சொல்லில் நான் "பரிசுத்தப்படுவதாக" என்றேன், ஆச்சி "அர்ச்சிக்கப்படுவதாக" என்றார். சட்டென்று நிறுத்திவிட்டு, பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ ஆச்சி, நான் பின்னால் வாறன்" என்றேன். அவர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். நாங்கள் கடைசியில் சேர்க்கும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" அவர்களுடைய வழக்கில் வராது, ஆச்சி ஆமென் சொன்ன இடத்தில் நானும் ஆமென் சொன்னேன். உங்கள் புதிய போதகரால் அப்படிப் பின்னால் போக முடியுமா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: நான் மெதடிஸ்தன், அவ கத்தோலிக்கம். நான் மாறினால்தான் கலியாணம் என்று இரண்டு வீட்டிலும் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை, மாறத் தேவையில்லை. ஞானஸ்நானம் பெற்ற வேறு சபைக்காரரைக் கத்தோலிக்கர் ஒருவர் திருமணம் செய்ய ஆயரின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளைக் கத்தோலிக்க முறையில் வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று அவ வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை, அவ கொடுத்திருக்கிறா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் உங்கள் ஆலயத்திலேயே திருமணம் நடக்கவும் ஆயர் விலக்குத் தரலாம், ஆனால் அதை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

நல்ல போதகர் என்றால் இந்த இடத்தில் உங்களைத் தனியே விடமாட்டார். பாதருக்குத் தானே போன் எடுத்து, இரண்டு பேருமாக உங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கதைப்பார். பிள்ளைகளைப் பற்றிய கேள்வியைக் கலியாணத்துக்கு முன்பே கதைக்கச் சொல்வார். பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்து முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் வந்து முட்டிக்கொண்ட குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

தெஹிவளையிலிருந்து: எல்லாரோடும் ஒத்துப்போகிறவருக்குச் சொந்தக் கொள்கை இருக்குமா? நீர்த்துப்போன விசுவாசம் அல்லவா இது?

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம்முடைய டி. ரி. நைல்ஸைப் பாருங்கள். 1908இல் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகளின் மன்றம் உருவானபோது தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர்களில் ஒருவர், அப்போது வயது நாற்பதுதான். பிறகு ஆசியத் திருச்சபைகளை ஒன்றுசேர்த்த அமைப்புக்கு முதல் பொதுச் செயலாளராகவும் இருந்தார். அவ்வளவு பேரோடு பழகியவர் 1970இல் இறக்கும்வரை மெதடிஸ்தராகவே இருந்தார், சுவிசேஷத்தை அறிவிப்பதையும் விடவில்லை. சொந்த வீட்டில் நிலையாக இருக்கிறவர் அடுத்த வீட்டுக்குப் பயமில்லாமல் போய்வருவார். எல்லாம் ஒன்றுதான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற போதகரை நானும் நம்பமாட்டேன், அவர் எதையும் கூர்ந்து பார்க்கவில்லை என்றுதான் படுகிறது.

முகத்துவாரத்திலிருந்து: கத்தோலிக்கக் கோயிலில் திருப்பலிக்குப் போனேன், நற்கருணை வாங்கக் கூடாது என்றார்கள். எங்கள் திருவிருந்தில் அவர்களை நாங்கள் தடுப்பதில்லையே?

வலிக்கும்தான். அவர்களுக்கு அந்த அப்பம் முழு ஐக்கியத்தின் அடையாளம், ஐக்கியம் முழுமையாகாமல் அதைப் பகிர்வது பொய்யாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நாமோ பகிர்ந்தால்தான் ஐக்கியம் வளரும் என்கிறோம். வீட்டுக்காரர் வைத்த ஒழுங்குக்கு மரியாதை கொடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து முன்னால் போனால் ஆசீர் தருகிற வழக்கம் பல இடங்களில் உண்டு, முன்கூட்டியே பாதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வத்தளையிலிருந்து: வேறு சபையில் ஞானஸ்நானம் எடுத்தவருக்குத் திரும்பவும் கொடுக்கலாமா?

தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுத்திருந்தால் நாங்கள் திரும்பக் கொடுப்பதில்லை, கத்தோலிக்கரும் கொடுப்பதில்லை. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சபைகளின் நிலை வேறு. அதை மனச்சாட்சிப்படி சொல்கிறார்கள், அதற்காக அவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்: எங்கள் வீட்டில் நான் மட்டும் கிறிஸ்தவன். அப்பா சைவர், கடும் சுகமில்லை. நான்தான் மூத்த மகன். கொள்ளி வைக்கக் கூடாது என்கிறார் எங்கள் போதகர்.

தம்பி, இதற்கு நேராகப் பதில் சொல்ல முதல் என்னுடைய பிழையைச் சொல்ல வேண்டும். ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு பொடியன் இதையே கேட்டான். கூடாது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். செத்தவீட்டுக்கு நானும் போனேன். உள்ளே சுண்ணம் இடித்து, திருவாசகத்தில் வரும் திருப்பொற்சுண்ணம் பாடிக்கொண்டிருந்தார்கள், நான் சப்பாத்தோடு வாசலில் நின்றேன். தீச்சட்டியைச் சித்தப்பாவின் மகன் வாங்கினான். அந்தத் தாய் என்னைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு பல வருஷம் அந்தத் தாய் மகனோடு கதைக்கவில்லை. அந்தப் பார்வை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

"உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்றும் நம் வேதத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கு என்னிடம் கேட்டால், அது மகன் தகப்பனுக்குச் செய்கிற கடைசிக் கடமை, உங்கள் மனச்சாட்சி இடம் கொடுத்தால் செய்யுங்கள், நான் பக்கத்தில் நிற்பேன் என்பேன். இடம் கொடுக்காவிட்டால் அதை இப்போதே, அப்பா இருக்கும்போதே அவரிடமும் அம்மாவிடமும் சொல்லி, வேறு எந்தக் கடமையைச் செய்யட்டும் என்று கேளுங்கள். பாடை தூக்கலாம், வந்தவர்களைப் பார்க்கலாம், இரவெல்லாம் அம்மாவோடு இருக்கலாம். உங்கள் போதகர் இதில் என்னோடு உடன்படாமல் போகலாம். அப்படியென்றாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள், கேட்டால் மட்டும் செபிக்கச் சொல்லுங்கள்.

மருதானையிலிருந்து: சாதி, பணம், மொழி இதெல்லாம் ஐக்கியத்தில் சேராதா?

ஏன் சேராது? கொழும்பில் சாதி இல்லை என்போம், கலியாணம் பேசும்போது மட்டும் வெளியே வரும். வீட்டு வேலைக்கு மலையகத்திலிருந்து வந்த பிள்ளை ஆராதனையில் எந்த வாங்கில் உட்காருகிறாள் என்று போதகர் கவனிக்க வேண்டும்.

மொழி என்றால் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க ஞாபகம் வருகிறார். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர், சிங்களவர். 1983 ஜூலையில் தமிழருக்கு நடந்ததை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது, அதை ஒப்புக்கொண்டு வெட்கப்பட வேண்டும் என்று தன் மக்களைப் பார்த்தே சொன்னார். அதே ஒக்டோபரில் இறந்துபோனார். அந்த நாட்களில் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று அப்போது கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். தமிழ்ப் போதகர்களுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது: சிங்களச் சபையில் போய் அவர்கள் மொழியில் ஒரு செபமாவது சொல்ல முடியுமா? பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் 1963 முதல் பல சபை மாணவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே வளவில் படிக்கிறார்கள். அங்கே சாப்பாட்டு மேசையில் பழகும் மொழி பாடப்புத்தகத்தில் வராது.

கிராண்ட்பாஸிலிருந்து ஒரு தம்பி: ஊழியத்துக்குப் படிக்க விரும்புகிறேன். இந்தக் குணங்களை எங்கிருந்து பழகத் தொடங்குவது?

வருகிற செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடம். அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியில் கத்தோலிக்கரும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சுவிசேஷ சபையாரும் செத்தார்கள். செவ்வாயில் அங்கே பொட்டு வைத்த அம்மா மெழுகுதிரி ஏற்றுவார், வெள்ளை உடுத்த பௌத்தர் நிற்பார், முஸ்லிம்களும் வருவதுண்டு. யாருக்கும் எதையும் விளக்கப் போகாதீர்கள், துண்டுப்பிரசுரமும் கொண்டுபோக வேண்டாம். ஒரு மணித்தியாலம் பின்னால் உட்கார்ந்து, யார் யார் எதற்காக அழுகிறார்கள் என்று பாருங்கள். வெளியே வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, கண்டதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்தக் கல்லூரி என்று அதற்குப் பிறகு கதைப்போம்.