ஒதுக்கீடு குறையும்போது நூலகத்தை நடத்துவது எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மண்டலத்தில் ஒரு தலைமை நூலகமும் அதன்கீழ்ப் பல கிளை நூலகங்களும் உள்ளன. வரும் ஆண்டில் அரசு ஒதுக்கீடு குறையும் என்று தெரிவித்துவிட்டார்கள். எல்லாக் கிளைகளுக்கும் எல்லாச் செலவுத் தலைப்புகளிலும் ஒரே விகிதத்தில் குறைத்துவிட்டால் எவரும் குறைசொல்ல முடியாது என்கிறார்கள் நூலகக் குழுவினர். இது சரியான முறையா?

பதில்: குறைசொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆயினும் ஒரு நூலக அமைப்புக்கு மிகுந்த கேடு விளைவிப்பது இந்த முறையே என்பது என் உறுதியான கருத்து. சம்பளம், வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றை ஆண்டின் நடுவில் எவராலும் அசைக்க முடியாது. எடுத்துக்காட்டாக, நூறில் எண்பத்தைந்து பங்கு இவற்றுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு குறைக்கச் சொன்னால், அந்தப் பத்தும் எஞ்சிய பதினைந்திலிருந்துதான் வந்தாக வேண்டும். நூல் கொள்முதல், பருவ இதழ்கள், கட்டடப் பராமரிப்பு, பணியாளர் பயிற்சி எல்லாம் அந்தப் பதினைந்துக்குள் அடங்கியவை. தாளில் பத்து விழுக்காடாகத் தெரியும் குறைப்பு, அலமாரிக்கு வந்து சேரும்போது மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது.

முதல் ஆண்டில் இதை எவரும் உணர்வதில்லை. அலமாரிகள் நிறைந்தே இருக்கும். அடுத்த ஆண்டில், வாரந்தோறும் வரும் வாசகர்கள் புதிதாக ஒன்றுமில்லை என்று கண்டு வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இரவல் எண்ணிக்கை சரிகிறது. அந்தச் சரிவையே காரணம் காட்டி மூன்றாம் ஆண்டில் மேலும் குறைக்கிறார்கள். இந்தச் சுழலுக்குள் ஒருமுறை போய்விட்டால் மீள்வது மிகக் கடினம். ஆகவே கொள்முதலுக்கு ஒரு கீழ்வரம்பைக் குறித்து, எது வந்தாலும் அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று குழுவில் இப்போதே தீர்மானம் நிறைவேற்றி வையுங்கள்.

கூடவே, பொதுப் பணிகளைக் கவனமாகக் காப்பாற்றுங்கள். மையக் கொள்முதல், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்புப் பணி, எல்லாக் கிளைகளுக்குமான ஒரே நூற்பட்டியல், கிளைகளுக்கிடையே நூல்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஆகியவை எந்தக் கிளையின் பெயரையும் தாங்கியிருப்பதில்லை. அவற்றுக்காகப் பேச எந்த ஊரிலிருந்தும் குரல் எழாது. அதனாலேயே அவை முதலில் வெட்டப்படுகின்றன. சில ஆயிரம் நூல்களை மட்டும் வைத்திருக்கும் ஒரு சிறு கிளை உயிரோடிருப்பதே அந்த வண்டியால்தான். ஒரு கிளையில் எல்லோரும் படித்துமுடித்த நூல் அடுத்த கிளையில் புது நூல். அதைக் கொண்டுசேர்க்கும் செலவு, இன்னொரு படி வாங்கும் செலவைவிடக் குறைவு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த விதிகளைக் குறைந்த பணத்தில் நிறைவேற்ற இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். கொள்முதல் குறையும் ஆண்டில் வண்டி இன்னும் அடிக்கடி ஓட வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் குறைப்பது? ஒரே நூலின் தேவைக்கு மிஞ்சிய படிகள், அண்டைக் கிளைகள் தனித்தனியே வாங்கும் ஒரே பருவ இதழ்கள், ஒவ்வொரு கிளையும் தனக்கென்று கேட்கும், அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற விலைமிக்க நோக்கு நூல்கள் ஆகியவற்றில் தொடங்கலாம். நேரத்தைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால், மணிவாரியாக வருகையைக் கணக்கெடுத்த பின்னரே குறையுங்கள். வேலைக்குச் செல்பவர்களும் மாணவர்களும் வரும் மாலை நேரத்தையும் வார இறுதியையும் கடைசிவரை தொடாதீர்கள்.

கேள்வி: சில கிளைகளை மூடிவிட்டு, மற்றவற்றை நன்றாக நடத்துவது மேல் அல்லவா?

பதில்: சில இடங்களில் மேலாக இருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. எந்தக் கிளையும் ஒழுங்காக நடக்காமல் எல்லாமே அரைகுறையாகத் திறந்திருப்பதைவிட, நடந்துசெல்லும் தொலைவில் உள்ள இரண்டை ஒன்றாக்குவது வாசகருக்கு நன்மை தரக்கூடும். ஆனால் இரவல் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அடுத்த கிளை எவ்வளவு தொலைவு, பேருந்து உண்டா, முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் சிறுவரும் அங்கே தனியாகப் போய்வர இயலுமா என்பவையும் கணக்கில் வர வேண்டும்.

இது அறம் மட்டுமன்று, சட்டமும்கூட. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர், சாமர்செட் ஆகிய இரு மாவட்ட மன்றங்களும் நூலகச் சேவையைக் குறைக்க எடுத்த முடிவுகளை 2011 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நலிந்த பிரிவினர் மீது அம்முடிவுகள் ஏற்படுத்தும் விளைவை முறையாக ஆராயவில்லை என்பதே காரணம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 2008இல் பதினொரு கிளைகளை மூடுவதாக மேயர் அறிவித்தபோது, நகர மன்றத்தின் ஒப்புதல் இன்றி அவ்வாறு செய்ய முடியாது என்று நீதிமன்றம் தடுத்தது. எனவே முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். கணக்குகளை முன்கூட்டியே வெளியிட்டு, மாற்று வழிகளை வைத்து, அந்தக் கிளையின் வாசகர்களை நேரில் அழைத்துக் கேளுங்கள்.

கேள்வி: உறுப்பினர் கட்டணத்தையும் தாமதக் கட்டணத்தையும் உயர்த்தி இழப்பை ஈடுகட்ட முடியாதா?

பதில்: முடியாது. அத்தொகை மொத்தச் செலவில் மிகச் சிறியது; வசூலிக்கும் உழைப்பைக் கழித்தால் இன்னும் சிறியது. அஞ்சிப் பின்வாங்குபவர்களோ நூலகம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே. பொது நூலகம் கொள்கையளவில் கட்டணமற்றதாக இருக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் யுனெஸ்கோ பொது நூலக அறிக்கை கூறுகிறது. சிகாகோ நகர நூலகம் 2019இல் தாமதக் கட்டணத்தையே கைவிட்டது. அதன்பின் நெடுநாள் திரும்பாதிருந்த நூல்கள் பெருமளவில் திரும்பி வந்தன.

கேள்வி: அச்சு நூல்களைக் குறைத்து மின்னூல்களுக்கு மாறினால் செலவு மிச்சமாகும் என்கிறார்களே?

பதில்: தனி வாசகர் வாங்கும் விலையை வைத்துப் போடும் கணக்கு அது. நூலகத்துக்குப் பெரும்பாலும் விற்கப்படுவது நூல் அல்ல, காலவரம்போ இரவல் வரம்போ உள்ள உரிமம். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல் ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடிந்துவிடும் என்று விதித்தது. ஆண்டுக்கணக்கில் உரிமம் தருபவர்களும் உண்டு. அச்சு நூலோ கட்டு பிரியும்வரை உங்களுடையது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் வீட்டைவிட்டு வெளியேற இயலாதவர்களுக்கும் மின்னூல் பெரும் உதவி என்பதால் அதைக் கைவிடச் சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் தொடங்காதீர்கள். பணம் நின்றுபோகும் ஆண்டில் உரிமங்களும் நின்றுபோகும்; அலமாரியில் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: பணியிடங்களை நிரப்பாமல் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தலாமா?

பதில்: கதை சொல்லவும், நூல்களை அடுக்கவும், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவர்கள் வரட்டும், நன்றியோடு வரவேற்போம். நூல் தேர்வையும் வாசகரின் ஐயங்களுக்கு வழிகாட்டும் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது.

கேள்வி: ஆண்டுதோறும் அரசின் கையை எதிர்பார்க்காமல், நூலகத்துக்கென்று தனி வரி இருந்தால் இந்தச் சிக்கல் தீருமா?

பதில்: பெருமளவு தணியும். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழிசெய்த 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. ரங்கநாதனின் நெடுங்கால முயற்சி அதன் பின்னால் இருந்தது. இத்தகைய ஏற்பாட்டில் நூலகத்தின் வருவாய் ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையின் தயவில் நிற்பதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரியைத் திரட்டுவது உள்ளாட்சி, செலவிடுவது நூலக ஆணைக்குழு என்றிருக்கும்போது, திரட்டிய பணம் உரிய நேரத்தில் கைமாறாமல் நிலுவையாகத் தங்கிவிடும். நெருக்கடியில் உள்ள உள்ளாட்சி அதை வேறு செலவுக்குத் திருப்பிவிடவும் கூடும். எனவே தனி வரி கேட்பவர்கள், திரட்டிய தொகையை எத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அத்தகைய வரி ஏற்கெனவே நடைமுறையில் உள்ள இடங்களில், எந்த உள்ளாட்சி எவ்வளவு செலுத்தியது, எவ்வளவு பாக்கி என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை எல்லாக் கிளைகளின் அறிவிப்புப் பலகையிலும் எழுதிப் போடச் செய்யுங்கள்.