நட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய உருளைக்கிழங்கு ரகம் உண்டா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் சிறிய பாத்தி ஒன்றும் நான்கு வளர்ப்புப் பைகளும் வைத்திருக்கிறேன். வேலைக்குச் செல்வதால் வாரத்தில் இரண்டு நாள்தான் செடிகளைக் கவனிக்க முடிகிறது. சென்ற முறை, சமையலறைக் கூடையில் முளைவிட்டிருந்த கிழங்குகளையே நட்டேன். செடிகள் செழிப்பாக வளர்ந்தன. ஆனால் பூக்கும் நேரத்தில் ஒரே வாரத்தில் இலைகள் கருகிச் சாய்ந்துவிட்டன. கிடைத்த சில கிழங்குகளின் தோலும் சொறிசொறியாக இருந்தது. மருந்து தெளிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதிகப் பராமரிப்பு தேவைப்படாத ரகம் எது?

பதில்: உருளைக்கிழங்கு நம்மிடம் கேட்கும் வேலைகள் நான்கு: சீராகத் தண்ணீர் கொடுப்பது, நோயிலிருந்து காப்பது, தண்டைச் சுற்றி மண் அணைப்பது, முதிரும்வரை காத்திருப்பது. இந்த நான்கையும் ஒருசேரக் குறைத்துத் தரும் ரகம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு வேலையை மிச்சப்படுத்தும் ரகம், பெரும்பாலும் இன்னொன்றைக் கூடுதலாகக் கேட்கும். ஆகவே, பராமரிப்புக் குறைந்த ரகம் எது என்று பொதுவாகத் தேடுவதைவிட, உங்களால் செய்யவே முடியாத வேலை எது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதைத் தவிர்க்கும் ரகத்தைத் தேடுவதே சரி. உங்கள் கடிதத்தின்படி, தினசரி நீர் பாய்ச்சுவதும் மருந்து தெளிப்பதும் உங்களால் இயலாதவை.

இலைகள் கருகியதற்குப் பெரும்பாலும் பின்கருகல் நோயே காரணமாக இருக்கும். பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்னும் நுண்ணுயிரியால் வரும் இந்த நோய், குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்த நாள்களில் வெகு வேகமாகப் பரவும். அடுத்த முறை ஐயம் எழுந்தால், அதிகாலையில் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்; நீரில் ஊறியதுபோன்ற கரும்பழுப்புப் புள்ளியின் விளிம்பில், மாவு தூவியது போல வெள்ளை வளையம் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. 1845இல் அயர்லாந்தின் வயல்களை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குத் தொடக்கமாக அமைந்ததும் இதே நோய்தான். அங்கே பெருமளவில் பயிரிடப்பட்டிருந்த லம்பர் என்ற ரகத்துக்கு இதைத் தாங்கும் திறன் இல்லை.

மருந்தில்லாமல் இந்த நோயைச் சமாளிக்க இரண்டு வழிகள் உள்ளன: எதிர்த்து நிற்கும் ரகத்தை நடுவது ஒன்று, நோய் வருமுன் விளைந்து முடிந்துவிடும் ரகத்தை நடுவது மற்றொன்று.

எதிர்த்து நிற்பவற்றில் ஹங்கேரியிலிருந்து வந்த சார்ப்போ மிரா பலராலும் சொல்லப்படும் பெயர். அதன் தழை அடர்ந்து படர்வதால் களையும் அவ்வளவாக எழாது. வறட்சியையும் ஓரளவு தாங்கும். மலைப்பகுதிகளுக்காக இந்தியாவில் உருவாக்கப்பட்ட குஃப்ரி கிர்தாரியும் இந்த வரிசையில் சேரும். ஆனால் சார்ப்போ மிரா தாமதமாக முதிரும் ரகம். நான்கு மாதங்களுக்கு மேல் பாத்தியை அதற்கே விட்டுவைக்க வேண்டியிருக்கும். தவிர, எதிர்ப்புத் திறன் என்பது நிரந்தரமன்று. 1968இல் வெளியிடப்பட்ட குஃப்ரி ஜோதி தொடக்கத்தில் கருகலை நன்றாகத் தாங்கியது. நோய்க்கிருமி தன்னை மாற்றிக்கொண்டே வந்ததால், பின்னாளில் அந்தத் திறன் பெரிதும் தேய்ந்துவிட்டது. எனவே பழைய புத்தகத்தில் நோய் எதிர்ப்பு ரகம் என்று அச்சாகியிருப்பதை மட்டும் நம்பி விதை வாங்காதீர்கள். உங்கள் பகுதியில் அண்மைப் பருவங்களில் அது எப்படி நின்றது என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வழியை நம்மில் பலர் மதிப்பதில்லை. என் கணக்கில், வீட்டுத் தோட்டத்துக்கு அதுதான் மலிவான பாதுகாப்பு. குறுகிய காலத்தில் முதிரும் ரகங்கள் 70 முதல் 90 நாள்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். ஆர்லா, குஃப்ரி புக்ராஜ் போன்றவை இந்த வகை. மகசூல் நீண்டகால ரகங்களைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் முப்பது நாள் முன்னதாக விளைந்து முடிவது என்பது, முப்பது நாள் தண்ணீரும் முப்பது நாள் கவலையும் குறைவது. நட வேண்டிய நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: உங்கள் ஊரில் தொடர் ஈரமோ கடும் வெப்பமோ தொடங்கும் காலத்துக்கு 90 நாள் முன்னதாக விதைக்கிழங்கு மண்ணில் இருக்க வேண்டும்.

அடுத்தது சொறி. ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியாவால் தோலில் வரும் இந்தத் தழும்பு, தோலைச் சீவிவிட்டால் உண்பதற்குத் தடையில்லை. ஆனால் அது உங்கள் நீர் நிர்வாகத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கிழங்கு உருவாகத் தொடங்கும் முதல் மூன்று நான்கு வாரங்களில் மண் காய்ந்துபோனால் சொறி கூடும். சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ போட்டுக் காரத் தன்மை ஏறிய மண்ணிலும் அப்படியே. இங்கேதான் ரகத் தேர்வு சிக்கலாகிறது. 1962 முதல் புழக்கத்தில் உள்ள, சிவப்புத் தோல் கொண்ட டெசிரே, வறட்சியைத் தாங்குவதற்குப் பெயர் பெற்றது. ஆனால் சொறி அதற்கு எளிதில் பிடிக்கும். சொரசொரப்பான பழுப்புத் தோல் கொண்ட ரஸ்ஸெட் வகைகளில் சொறி பொதுவாகக் குறைவு; ஆனால் அவற்றுள் புகழ்பெற்ற ரஸ்ஸெட் பர்பேங்க், தண்ணீர் ஒரு வாரம் தவறி மறுவாரம் பெருகினால் புடைப்பும் கணுவுமாக உருமாறிவிடும்; அறுத்துப் பார்த்தால் நடுவில் நட்சத்திர வடிவில் வெற்றிடம் இருக்கும். வாரம் இரண்டு முறை மட்டும் பார்க்க முடிந்தவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலர் விரும்பித் தேடும் யூகான் கோல்டும் இந்த உள்வெற்றிடக் கோளாறுக்கு ஆளாகக்கூடியதே.

ஆகவே தண்ணீர்ப் பிரச்சினையை ரகத்தால் மட்டும் தீர்க்க நினைக்காமல், மூடாக்கால் தீருங்கள். செடி ஒரு சாண் உயர்ந்ததும், காய்ந்த வைக்கோலையோ சருகையோ கைப்பிடி அளவு கனத்தில், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், பரப்பிவிட்டால் மண்ணின் ஈரம் நெடுநேரம் நிற்கும். வெயில் பட்டுக் கிழங்கு பச்சையாவதும் குறையும். அந்தப் பச்சை நிறத்தை அழகுக் குறை என்று மட்டும் எண்ண வேண்டாம். அதனுடன் சோலனைன் என்னும் நச்சுப்பொருளும் கூடும் என்பதால், அத்தகைய கிழங்கைச் சமைக்கக் கூடாது.

வெப்பத்தையும் பகல் நீளத்தையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்கு மேல் நீடித்தால், பெரும்பாலான ரகங்கள் தழையை வளர்க்குமே தவிரக் கிழங்கு வைக்கத் தயங்கும். செடி இடுப்புவரை வளர்ந்தும் அடியில் கோலிக்குண்டுகளே கிடைத்தன என்று புலம்புவோரின் தோட்டத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். வெப்பம் மிகுந்த இடங்களுக்கு, அதற்காகவே உருவாக்கப்பட்ட குஃப்ரி சூர்யா போன்ற ரகத்தைத் தேடுவது நல்லது. நீண்ட பகல் கொண்ட நாடுகளுக்காக உருவான ரகங்களைக் குறுகிய பகல் கொண்ட பருவத்தில் நட்டால், அவை சீக்கிரமே கிழங்கு வைக்கத் தொடங்கிக் குட்டையாகவே நின்றுவிடும். வெளிநாட்டு விதைப் பட்டியலில் ஒரு ரகத்தைப் புகழ்ந்திருப்பதை இதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், ரகத்தைவிட முக்கியமான ஒன்று மீதமிருக்கிறது, அது விதைக்கிழங்கு. சமையலுக்கு விற்கும் கிழங்கு எந்த ரகம் என்பதே தெரியாது. அதில் இலைச்சுருள் வைரஸும் ஒய் வைரஸும் வெளியே அடையாளம் காட்டாமல் ஒளிந்திருக்கலாம். முளைவிடாமல் இருக்க மருந்திடப்பட்டும் இருக்கலாம். சான்றளிக்கப்பட்ட விதைக்கிழங்காக, கோழிமுட்டை அளவில், 40 முதல் 50 கிராம் எடையில் வாங்கி, வெட்டாமல் முழுதாக நடுங்கள். வெட்டிய வாயில் ஈரம் சேர்ந்து அழுகுவதற்கு அதனால் இடமிருக்காது. நடுவதற்குச் சில வாரங்கள் முன், நேர்வெயில் படாத வெளிச்சத்தில், கண்கள் மேல்நோக்கி இருக்கும்படி அடுக்கி வையுங்கள். குட்டையாக, தடித்து, பச்சையோ ஊதாவோ கலந்த நிறத்தில் வரும் முளைதான் நமக்கு வேண்டியது. இருட்டில் கிடந்து வெளுத்து நீண்ட முளை, நடும்போதே ஒடிந்துவிடும். உங்கள் கூடைக் கிழங்கில் இருந்தது இந்த இரண்டாவது வகை என்றே எண்ணுகிறேன்.

பைகளில் மண்ணை அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வோர் அடுக்கிலும் கிழங்கு வைக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது; நடைமுறையில் பெரும்பாலான கிழங்குகள், நட்ட விதைக்குச் சற்று மேலேதான் திரள்கின்றன. ஒருமுறை மண் அணைப்பது போதும். 40 லிட்டர் பைக்கு மூன்று விதைக்கு மேல் வேண்டாம்.

பாத்தியில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உருளையோ தக்காளியோ கத்தரியோ வர வேண்டும். வேரைத் தாக்கும் நுண்புழுவான முட்டைக்கூட்டு நூற்புழு உள்ள மண்ணாக இருந்தால், அதற்கு எதிர்ப்புள்ள மாரிஸ் பைப்பர், குஃப்ரி ஸ்வர்ணா போன்றவற்றைப் பாருங்கள்.

உங்கள் நிலைக்கு என் தேர்வு இதுதான்: சீக்கிரம் காயும் பைகளில் குறுகியகால ரகம், அவற்றை நீங்கள் தோட்டத்துக்கு வரும் வழியிலேயே வைத்துவிட்டால் தண்ணீர் தவறாது. பாத்தியில், நீண்ட குளிர்ந்த பருவம் கிடைக்கும் இடமென்றால் கருகலை எதிர்க்கும் ரகம். கிடைக்காதென்றால் அங்கும் குறுகியகால ரகமே, மூடாக்குடன்.

இத்தனைக்குப் பிறகும் கருகல் தலைகாட்டினால், இலை உதிரும்வரை காத்திராமல் தண்டுகளைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். நோய் வித்துகள் மழைநீரோடு இறங்கிக் கிழங்கைத் தொடாமல் இருக்க அது உதவும். அதன்பின் இரண்டு வாரம் கழித்து ஒரு கிழங்கை மட்டும் தோண்டி, பெருவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் வழுக்கி உரிந்தால் இன்னும் சில நாள் விட்டுவையுங்கள்; உரியாமல் நின்றால் அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.