டாக்டரிடம் கேளுங்கள்: பால் மாதிரி வருது, ஆனா டெஸ்ட் நெகட்டிவ்!

கேள்வி: எனக்கு 29 வயசு டாக்டர். குழந்தைக்கு ட்ரை பண்ண ஆரம்பிச்சு வருஷம் ஆகப்போகுது. இந்த தடவை நாள் தள்ளிப்போயி ஒரு வாரம் ஆச்சு, மார்பு கனமா வலிக்குது, குளிக்கும்போது லேசா அமுக்கினா ரெண்டு பக்கமும் பால் மாதிரி வருது. வீட்ல டெஸ்ட் பண்ணா நெகட்டிவ். கர்ப்பமா இல்லாம பால் வருமா? யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல, கூச்சமா இருக்கு.

பதில்: இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்லம்மா. நீங்க எல்லாத்தையும் ஒரே அறிகுறியா பாக்குறீங்க, நான் ரெண்டா பிரிச்சுதான் பாப்பேன்.

மார்பு கனம், வலி, வயிறு உப்பல், அசதி இதெல்லாம் புரோஜெஸ்ட்ரான் பண்ற வேலை. கருமுட்டை வெளிய வந்ததுக்கப்புறம் அந்த ஹார்மோன் ஏறும், கரு தங்கினாலும் ஏறும் தங்கலேன்னாலும் ஏறும், அதனால பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற வலிக்கும் கர்ப்பத்தோட ஆரம்ப வலிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. எனக்கும் முடியாது! அதை வச்சு மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க.

பால் வேற விஷயம். கர்ப்பமாவே இருந்தாலும் நாள் தள்ளின ஒரு வாரத்துல பால் வராது, சீம்பால் எட்டிப் பாக்கவே பொதுவா நாலஞ்சு மாசம் ஆகும். அப்போ இது பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின்ங்கற ஹார்மோன் ஏறினதால இருக்கலாம். அது ஏறினா கருமுட்டை வெளிய வர்றதும் தடைபடும், பீரியட்ஸும் தள்ளிப்போகும். அதாவது நாள் தள்ளினது, பால் வர்றது, இத்தனை நாள் குழந்தை தங்காதது மூணுக்கும் காரணம் ஒண்ணாவே இருக்க வாய்ப்பிருக்கு.

ஏன் ஏறுதுன்னா, தைராய்டு கம்மியா இருந்தா ஏறும். வாந்திக்கும் கேஸுக்கும் போடுற சில மாத்திரைல டோம்பெரிடோன் இருக்கும், அது ஏத்தும், மனநலத்துக்கு எடுக்குற சில மாத்திரையும் ஏத்தும் (அதை நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட பேசுங்க). சிலருக்கு மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பில சின்னதா ஒரு கட்டி இருக்கும், கட்டின்னதும் பயப்படாதீங்க, கிட்டத்தட்ட எல்லாமே புற்றுநோய் இல்லாத கட்டிதான், பெரும்பாலும் மாத்திரைலயே அடங்கிடும். இன்னொண்ணு, வருதா வருதான்னு தினமும் அமுக்கிப் பாத்தாலே பால் வந்துட்டுதான் இருக்கும். முதல்ல அதை நிறுத்துங்க.

ரத்தத்துல பீட்டா எச்சிஜி (கர்ப்பத்தைக் காட்டுற ஹார்மோன்), புரோலாக்டின், டிஎஸ்எச் (தைராய்டுக்கான டெஸ்ட்) மூணும் பாத்துடுங்க. புரோலாக்டினுக்கு காலைல எழுந்து ஒரு ரெண்டு மணி நேரம் கழிச்சு, பதட்டமில்லாம உக்காந்துட்டு ரத்தம் கொடுங்க, டென்ஷன்லயே கொஞ்சம் ஏறிடும். லேசா ஏறியிருந்தா இன்னொரு தடவை பாக்காம எந்த முடிவுக்கும் வரமாட்டோம். போலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம், இன்னும் ஆரம்பிக்கலேன்னா ஆரம்பிச்சிடுங்க.

ஒரே பக்கம் மட்டும் தானா ஒழுகினாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, மார்புல கட்டி தட்டுப்பட்டாலோ, தலைவலியோட ஓரப்பார்வை மங்கினாலோ தள்ளிப்போடாம காட்டுங்க. அடிவயித்துல ஒரு பக்கமா கடுமையான வலி, மயக்கம், ரத்தப்போக்குன்னா அன்னிக்கே போயிடணும், கரு கர்ப்பப்பைக்கு வராம கருக்குழாய்லயே தங்கியிருக்கலாம்.

கேள்வி: கருமுட்டை வெடிக்க ஊசி போட்டாங்க. அஞ்சாவது நாளே வீட்ல டெஸ்ட் பண்ணேன், ரெண்டு கோடு வந்துச்சு! வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு. வீட்ல சொல்லிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. அந்த ஊசில பொதுவா எச்சிஜிதான் இருக்கும், டெஸ்ட் கிட் தேடுறதும் அதையேதான். ஊசி மருந்து உடம்பை விட்டுப் போக ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம், அஞ்சு நாள்ல கரு ஒட்டியிருக்கவே வாய்ப்பு கம்மி. குமட்டலும் ஊசியால, இல்ல கூட கொடுக்குற புரோஜெஸ்ட்ரான் மாத்திரையால இருக்கலாம். உங்க டாக்டர் சொன்ன தேதில ரத்த டெஸ்ட் எடுங்க, அதுல பாசிட்டிவ்னு வந்தா தாராளமா சொல்லுங்க.