உழவர் மானியம் பிச்சையா, உரிமையா, கொள்ளையா?

இயற்கை உரிமைத் தத்துவத்தை வைத்து உழவர் மானியத்தைப் பேசலாம் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், இயற்கை உரிமை என்றால் என்ன? தத்துவம் படிக்காதவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

அரசு கொடுத்து வராத உரிமை. அரசு என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே மனிதனிடம் இருந்ததாகக் கருதப்படுவது. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1689-இல் வெளியிட்ட ‘அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்’ நூலில் உயிர், சுதந்திரம், உடைமை என்று மூன்றைச் சொன்னார். அவற்றைக் காக்க மக்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட காவல்காரன்தான் அரசு. இதெல்லாம் கதை என்றவர்களும் உண்டு. ஆங்கிலேயச் சிந்தனையாளர் பெந்தாம் இதைப் ‘பொய்க்கால் கட்டி நிற்கும் உளறல்’ என்றே கேலி செய்தார்.

கேள்வி: அப்படியானால் மானியம் திருட்டுதானே? என் சம்பளத்தில் வரியைப் பிடித்து, முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். நான் சம்மதிக்கவே இல்லை.

நீங்கள் தனியாள் இல்லை. பிரான்சில் பொருளியல் எழுத்தாளர் பாஸ்டியா 1850-இல் இதற்குச் ‘சட்டபூர்வக் கொள்ளை’ என்று பெயர் வைத்தார். அவருடைய சோதனை எளிது: அதே காரியத்தைச் சட்டத்தின் துணையில்லாமல் தனி ஆள் செய்தால் அது குற்றமா? குற்றம் என்றால், சட்டம் செய்தாலும் கொள்ளைதான். மானியத்தையும், உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதி மீது போடும் காப்பு வரியையும் அவர் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார். 1974-இல் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் இன்னும் ஒரு படி மேலே போய், உழைப்பால் வந்த வருமானத்தின் மீதான வரி கட்டாய உழைப்புக்குச் சமம் என்றார்.

வலுவான வாதம், தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் லாக்கைத் துணைக்கு அழைப்பவர்கள் அவரை முழுதாகப் படிப்பதில்லை. பெரும்பான்மையின் சம்மதத்தோடு அரசு வரி வாங்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். தனி ஒருவர் ‘நான் சம்மதிக்கவில்லை’ என்றால் வரி நின்றுவிடாது. முதல் ஆய்வுரையில் இன்னொன்றும் சொல்கிறார்: கடும் வறுமையில் இருப்பவனுக்கு, வேறு வழியில்லாதபோது, அடுத்தவரின் மிகுதியில் உரிமை உண்டு. கவனியுங்கள், உரிமை என்கிறார். ஆனால் அது பசித்தவனுக்குச் சொன்னது. ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவருக்கு இல்லை.

கேள்வி: நிலம் எப்படி ஐயா ஒருவருக்குச் சொந்தமாகிறது? உழுதால் போதுமா?

எல்லாச் சிக்கலும் இங்கேதான் முளைக்கிறது. பொதுவாகக் கிடந்த ஒன்றில் என் உழைப்பைக் கலந்தால் அது எனதாகிறது என்பது லாக்கின் பதில். கூடவே இரண்டு நிபந்தனைகள்: மற்றவர்களுக்கும் போதிய அளவு, அதே தரத்தில் மிஞ்ச வேண்டும், எடுத்ததை அழுகவிடக் கூடாது. நோசிக்கே இதைக் கிண்டினார். என்னுடைய ஒரு டப்பா தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றினால் கடல் எனதாகுமா, சாறு வீணாகுமா?

அமெரிக்கச் சுதந்திரப் போரில் பேனா பிடித்த தாமஸ் பெயின் 1797-இல் வேறு கணக்குப் போட்டார். உழவன் செய்த மேம்பாடு அவனுடையது, அடியில் இருக்கும் பூமி எல்லாருடையது. ஆகவே நிலம் வைத்திருப்பவர் சமூகத்துக்கு வாடகை தர வேண்டும். அந்த நிதியிலிருந்து 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டு, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு. பணம் எந்தத் திசையில் போகிறது பார்த்தீர்களா? நிலக்காரரிடமிருந்து மற்றவர்களுக்கு. ஏக்கருக்கு இவ்வளவு என்று தரும் மானியம் இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. மானியத்தை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் பெயினைத் தொடாமல் விடுவதற்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: நான் விவசாயக் குடும்பத்துப் பெண். வாங்கும் மானியத்தைப் பிச்சை என்று பேசும்போது கொதிக்கிறது. எங்கள் கையைக் கட்டிப்போட்டதே அரசுதானே?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஒஹையோவில் ராஸ்கோ ஃபில்பர்ன் என்று ஒரு விவசாயி. கோதுமை விலை விழாமலிருக்க, ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு விதைக்கலாம் என்று அரசு அளவு வைத்திருந்தது. 1941 விளைச்சலுக்கு அவருக்குக் கிடைத்தது 11.1 ஏக்கர். அவர் விதைத்தது 23 ஏக்கர். தன் கால்நடைக்கும் கோழிக்கும் தீனி, வீட்டுக்கு மாவு, அடுத்த போகத்துக்கு விதை என்று சொந்தப் பயன்பாட்டுக்கு என்றார். அளவுக்கு மேல் விளைந்த 239 புஷலுக்கு (புஷல் என்பது அங்கே தானியம் அளக்கும் அளவு), புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். உச்ச நீதிமன்றம் 1942-இல் ஒருமனதாக அரசின் பக்கம் நின்றது. தீர்ப்பில் ஒரு வரி உண்டு: அரசு தான் மானியம் தரும் ஒன்றை ஒழுங்குபடுத்துவதில் நியாயக்குறைவு என்று சொல்ல முடியாது.

சொந்த நிலம், சொந்த உழைப்பு, சொந்தக் கோழி. லாக்கின் அளவுகோலில் இதைவிடத் தெளிவான உரிமை மீறலைக் காட்டுவது கஷ்டம். இப்படி விற்கத் தடை, விதைக்கத் தடை, விலைக்கு உச்சவரம்பு என்று போட்டுவிட்டு அரசு தரும் பணம், பெயர் எதுவானாலும், நஷ்டஈடு. பறித்தவர் திருப்பித் தருவது கொடை ஆகாது. ஆனால் எந்தத் தடையும் இல்லாமல் ஏக்கரைப் பார்த்து மட்டும் தரும் பணத்துக்கு இந்தச் சமாதானம் செல்லாது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் இவ்வளவு சண்டை.

கேள்வி: உணவும் மனித உரிமைதானே? அப்போது விவசாயத்துக்கு மானியமும் உரிமைதானே?

முதல் பாதி சரி. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 25-ஆவது பிரிவு உணவைச் சொல்கிறது. ஆனால் அது சாப்பிடுபவரின் உரிமை. அதிலிருந்து விளைவிப்பவருக்கு மானியம் என்று தாவ முடியாது. 1933-இல், பொருளாதார வீழ்ச்சியில் மக்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றபோதே, விலையைத் தூக்குவதற்காக அமெரிக்க அரசு பணம் கொடுத்து, நின்ற பருத்திப் பயிரை உழுது அழிக்கச் செய்தது. சுமார் 60 லட்சம் பன்றிகளை வாங்கிக் கொன்றது. அதுவும் விவசாயிக்கான உதவிதான்.

கேள்வி: மானியத்தை நிறுத்தினால் விவசாயமே படுத்துவிடாதா?

நியூசிலாந்து 1984-இல் ஏறக்குறைய மொத்தத்தையும் எடுத்தது. நில விலை சரிந்தது, கடன் வாங்கியிருந்த விவசாயிகள் தவித்தார்கள், ஆடு எண்ணிக்கை குறைந்தது. விவசாயம் படுத்துவிடவில்லை. எல்லா நாட்டுக்கும் இதைப் பொருத்திவிட முடியாது. அங்கே பண்ணைகள் பெரியவை, பெரும்பாலும் ஏற்றுமதியை நம்பியவை.

கேள்வி: குத்தகைக்கு உழுகிறேன். மானியம் உயர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

பெரும்பாலும், கூடுதல் குத்தகை. ஏக்கருக்குப் பணம் வருகிறது என்று தெரிந்ததும், அடுத்த ஒப்பந்தத்தில் நிலக்காரர் அதைக் கேட்பார். நியூசிலாந்தில் மானியம் போனதும் நில விலை சரிந்தது ஏன் என்பதற்கும் இதுதான் விடை: மானியம் நிலத்தின் விலையிலேயே ஏறியிருந்தது.

கேள்வி: கடைசியாக, எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

லாக்கின் இரண்டாவது ஆய்வுரையில் ஐந்தாம் அத்தியாயம், மொத்தம் 27 பத்திகள்தான். ஒரு மாலையில் முடியும். அப்புறம் பெயின். நோசிக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்; தக்காளிச் சாறு வரும் பக்கத்தை மட்டும் இப்போதே புரட்டினாலும் தப்பில்லை.