கராஜில் மூன்று ஃபேஸ் லேத்: முதலில் மோட்டார் தகட்டைப் பாருங்கள்

தம்பி, பிரிட்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கழித்த பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று விலைக்கு வருகிறது. மோட்டார் மூன்று ஃபேஸ், வாடகை வீட்டு கராஜிலோ ஒற்றை ஃபேஸ். ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் மோட்டாரின் நேம் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு செலவு, எவ்வளவு வேலை என்பதையெல்லாம் அந்தத் தகடுதான் முடிவு செய்யும்.

இங்கே வீடுகளுக்குப் பெரும்பாலும் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ்தான் வரும். தெருவில் புதைத்த கேபிளில் மூன்று ஃபேஸும் போனாலும் வீட்டுக்கு ஒன்றைத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்றும் வேண்டும் என்றால் மின்விநியோக நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, தரையைத் தோண்டி, மீட்டரை மாற்றி என்று இழுக்கும். வாடகைக்கு இருப்பவருக்கு அது சரிப்படாது.

தகட்டில் '220–240 / 380–415' என்று இரண்டு வோல்டேஜ் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் பொதுவாக ஆறு முனைகளும் சில பித்தளைப் பட்டைகளும் இருக்கும். ஒரு வரிசையின் மூன்று முனைகளையும் பட்டை சேர்த்துப் பிடித்திருந்தால் அது ஸ்டார், அதாவது 415 வோல்ட்டுக்கானது. பட்டைகளைக் கழற்றி, மேல் முனையைக் கீழ் முனையோடு சேர்த்து மூன்று ஜோடியாகப் போட்டால் டெல்டா. மூடியின் உள்பக்கம் படம் இருந்தால் அதன்படியே செய்யுங்கள். டெல்டாவில் அதே மோட்டார் 230 வோல்ட்டிலேயே முழு சக்தியோடு ஓடும்.

அந்த 230 வோல்ட் மூன்று ஃபேஸைத் தருவதுதான் வி.எஃப்.டி., அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி (variable frequency drive). வீட்டு மின்சாரத்தை வாங்கி டி.சி.யாக்கி, அதிலிருந்து மூன்று ஃபேஸைச் செய்து தரும். 2.2 கிலோவாட், அதாவது 3 ஹெச்.பி. வரை இந்த வகை சுலபமாகக் கிடைக்கிறது. வீடு மாறினால் லேத்தோடு அதுவும் வந்துவிடும் என்பதால் உங்களுக்கு இதையே சொல்வேன்.

தகட்டில் 415 மட்டும் இருந்து மூன்று ஒயர்தான் வெளியே வந்தால், பெரும்பாலும் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே, அதாவது மோட்டாருக்குள் சுற்றிய கம்பியிலேயே கட்டியிருக்கும். மோட்டார் ரீவைண்டிங் செய்பவர் அதைப் பிரித்து ஆறு முனையையும் வெளியே எடுத்துத் தரலாம். '400/690' என்றிருந்தாலோ, இரண்டு வேக மோட்டாராக இருந்தாலோ இந்த வழி ஒத்துவராது. மோட்டாரையே மாற்றுவது அல்லது 415 வோல்ட் தரும் கன்வெர்ட்டர் வாங்குவது என்று கணக்குப் போடுங்கள். விலையையும் அதற்கேற்றபடி குறைத்துக் கேளுங்கள். ஒற்றை ஃபேஸ் மோட்டார் போட்டாலும் லேத் ஓடும். ஆனால் அதன் சுழற்று விசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மெல்லிய கடைசலில் அந்த அதிர்வு தெரியும். மூன்று ஃபேஸ் மோட்டாரின் வழுவழுப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வராது.

வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்கு ஒயர் நேராகப் போக வேண்டும். லேத்தின் பழைய சுவிட்சையோ காண்டாக்டரையோ (மின்காந்த சுவிட்ச்) நடுவில் விடாதீர்கள். ஓடும்போது அது துண்டித்தால் வி.எஃப்.டி. பழுதாகிவிடக்கூடும். ஸ்டார்ட், ஸ்டாப், ரிவர்ஸ் எல்லாம் அதன் கன்ட்ரோல் முனைகளில்தான் சேர வேண்டும். வேகத்தை மிகவும் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகிச் சூடேறும். கனமான கடைசலுக்கு லேத்தின் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பேக் கியரையே போடுங்கள். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக், திருகி மாட்டும் வகை என்றால் ரிவர்ஸிலும் திடீர் பிரேக்கிலும் கழன்று வரக்கூடும், அதனால் வி.எஃப்.டி.யில் நிற்கும் நேரத்தைத் தாராளமாக வையுங்கள். ஆஃப் செய்த பிறகும் சில நிமிடங்கள் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும், உடனே மூடியைத் திறக்காதீர்கள்.

1 ஹெச்.பி. மோட்டார் என்றால் சாதாரண 13 ஆம்ப் பிளக்கே பெரும்பாலும் போதும். 3 ஹெச்.பி.க்குத் தனி சர்க்யூட் வேண்டும். இங்கிலாந்தில் வீட்டில் புது சர்க்யூட் இழுப்பது கட்டட விதிகளின்படி தெரிவித்துச் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வி.எஃப்.டி. வைக்கப்போவதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன் எர்த் கசிவில் சாதாரண ஆர்.சி.டி. (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி விழும், அல்லது விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகும். எந்த வகை ஆர்.சி.டி. என்று வி.எஃப்.டி.யின் மேனுவலில் போட்டிருக்கும், அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.